மலைநாட்டு விஞ்ஞான வரலாறும் நூற்றொகைத் துணையும்

தலவாக்கலைப் புகையிரத நிலையத்தைக் கடந்து நானுஓயாவை நோக்கி ஏறும் பாதையின் இருமருங்கும், ஒரே மட்டமாகக் கவ்வாத்து வெட்டப்பட்ட தேயிலைச் செடிகள் குன்றுதோறும் படர்ந்து நிற்கின்றன. அப்பசுமையைக் கண்டு இயற்கையின் எழிலென வியப்பவர் பலர். உண்மையில் அஃது இயற்கை தந்த கொடையன்று. இரு நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே அடர்காடிருந்தது. காட்டை அழித்துக் கோப்பி நட்டனர். கோப்பி நோய்வாய்ப்பட்டு மாண்டது. சிங்கோனா மரம் சிறிது காலம் செழித்து மறைந்தது. அதன் பின்னரே தேயிலை நிலைத்தது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு விஞ்ஞான ஆராய்ச்சி இருக்கின்றது. பயிரின் வரலாறு எனத் தோன்றுவது, மற்றொரு நோக்கில் விஞ்ஞானத்தின் வரலாறேயாகும்.

அவ்வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கின்றது? ஒரே நூலில் அன்று. பல நாடுகளிலும் பல காலங்களிலும் வெளிவந்த ஏடுகளில் அது சிதறிக் கிடக்கின்றது. சிதறியதைத் தேடிக் காண்பதற்கு அறிஞர் அமைத்த கருவியே விஞ்ஞான வரலாற்று நூற்றொகை. முன்னர் அச்சுத் தொகுதிகளாக இருந்து, இன்று கணினியில் தேடத்தக்க தரவுத்தளமாக வளர்ந்திருக்கும் அக்கருவியின் பயனையும் எல்லையையும் மலைநாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் இலையின் பயணம்

1869 ஆம் ஆண்டு மடூல்சீமைப் பகுதியிலுள்ள கோப்பித் தோட்டமொன்றில், இலைகளின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கக் கண்டனர். அவ்விலை பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராகிய துவெயிற்றிஸ் என்பாரிடம் சென்றது. அவர் அதனை இங்கிலாந்திலிருந்த பங்கசு ஆராய்ச்சியாளரான பேர்க்கிலி பாதிரியாருக்கு அனுப்பினார். பேர்க்கிலி அப்பங்கசுக்கு 'எமிலியா வஸ்தாத்திரிக்ஸ்' எனப் பெயரிட்டு, அவ்வாண்டிலேயே தோட்டக்கலை வார இதழொன்றில் விவரித்தார். பெயரின் பிற்பகுதிக்கு 'பாழாக்குவது' என்பது பொருள். பெயர் பொய்க்கவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிச் செல்வம் சரிந்து வீழ்ந்தது.

நோயின் இயல்பை ஆராய 1880 இல் வந்தவர் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர். வரும்போது அவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதே இருக்கும். அவர் ஒட்டும் பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்று கொணர்ந்த வித்திகளை அவற்றிற் பிடித்து நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். இலைமேல் விழுந்த வித்தி நீர்த்துளியில் முளைத்து, இலைவாய் வழியே உட்புகுந்து, இழையங்களைத் தின்று, மீண்டும் வித்திகளைப் பரப்பும் வட்டத்தை அவர் படிப்படியாக நிறுவினார். நோய் மண்ணின் வறுமையால் வருவது, மழையால் வருவது என்றெல்லாம் நிலவிய ஊகங்கள் இதனால் வலுவிழந்தன. இடையீடின்றி மலை மலையாக ஒரே பயிரை நட்டமையே பங்கசுக்குப் பெருவழி திறந்துவிட்டது என்றும் அவர் காட்டினார். அந்நாளிற் கோப்பியை அவரால் மீட்க இயலவில்லை. எனினும், தாவர நோயியல் என்னும் துறை உருவாகிய காலத்தில் அதன் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று இலங்கை மலைகளிலேதான் கற்கப்பட்டது. வார்ட் பின்னர் கேம்பிரிட்ஜிற் தாவரவியற் பேராசிரியரானார்.

இவ்வரலாற்றைக் கற்க விழையும் மாணவன் எதிர்நோக்கும் இடர்ப்பாட்டை இங்கே கருதுதல் வேண்டும். பேர்க்கிலியின் விவரணம் தோட்டக்கலை இதழில் உள்ளது. வார்டின் அறிக்கைகள் இலங்கை அரசாங்கத்தின் அமர்வுப் பத்திரங்களில் உள்ளன. அவருடைய விரிந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் 1882 இல் இலண்டனில் இலின்னேயன் கழகத்தின் ஏட்டிலும் நுணுக்குக்காட்டி விஞ்ஞான ஏட்டிலும் வெளிவந்தன. பேராதனையிலிருந்து எழுதப்பட்ட கடிதங்கள் வேறோரிடத்தில் உள்ளன. பிற்கால வரலாற்றறிஞர் எழுதிய ஆய்வுகளோ அமெரிக்காவிலும் கனடாவிலும் அச்சேறியவை. ஓரிலையின் கதையை அறிய மூன்று கண்டங்களின் நூலகங்களைத் தட்ட வேண்டியிருக்கின்றது.

கோப்பியிலிருந்து தேயிலைக்கு

பின்வந்த பயிர்களின் நிலையும் இதுவே. கொயினா மருந்து தரும் சிங்கோனாவைப் பயிரிடுவதற்கென 1861 இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைப் பூங்கா நிறுவப்பட்டது. கோப்பி வீழ்ந்தபோது தோட்டத்துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்ததும் அதனையும் கைவிட்டனர். ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்துலாந்தர் 1867 இலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலை நட்டிருந்தார். 1873 இல் இலண்டனுக்குச் சென்ற முதற் பொதியின் நிறை 23 இறாத்தல் மட்டுமே. அச்சிறு தொடக்கமே மலைநாட்டின் முகத்தை மாற்றியது.

தேயிலை பெருகியதும் அதற்குரிய ஆராய்ச்சிக்கூடம் தேவையாயிற்று. 1925 இல் சட்டத்தினால் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் முதலில் நுவரெலியாவில் இயங்கி, பின்னர் தலவாக்கலையருகே சென் கூம்ஸ் தோட்டத்திற் குடியேறிற்று. அதன் முதற் பணிப்பாளரான தோமஸ் பெட்ச், பேராதனையிற் பங்கசுகளை ஆராய்ந்து 1923 இற் தேயிலைச் செடியின் நோய்கள் பற்றிப் பெருநூல் இயற்றியவர். இலைசுருட்டும் புழுவொன்று தேயிலையைத் தாக்கியபோது, 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியினத்தைக் கொணர்ந்து அப்புழுவை அடக்கினர். பூச்சியைப் பூச்சியாலே வென்ற முறைகளுள் இது புகழ்பெற்ற ஒன்று. 1946 இற் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைப் பற்றியது. அதுவும் பங்கசால் வருவது. அதுவும் பனியும் ஈரமும் மிக்க காலத்திற் காற்றால் வித்தி பரப்புவது. 1880களில் வார்ட் கற்பித்த பாடத்தின் உண்மை அறுபத்தைந்து ஆண்டுகளின் பின் மற்றொரு பயிரில் மீண்டும் விளங்கிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்குபவனுக்கே இத்தொடர்பு புலனாகும். ஒருங்கே வைப்பதற்கு உதவுவது நூற்றொகை.

சாட்டன் கண்ட வழி

விஞ்ஞானத்தின் வரலாற்றைத் தனித்துறையாக்க முனைந்தவர்களுள் முதன்மையானவர் பெல்ஜிய நாட்டினரான ஜோர்ஜ் சாட்டன். அவர் 1913 இல் 'ஐசிஸ்' என்னும் ஆராய்ச்சி ஏட்டை வெளியிடத் தொடங்கினார். உலகில் எம்மொழியிலாயினும் விஞ்ஞான வரலாறு பற்றி வெளிவரும் நூல்களையும் கட்டுரைகளையும் திரட்டி, வகைப்படுத்தி, குறிப்புடன் பட்டியலிடுவதை அவ்வேட்டின் நிலையான பணியாக அவர் கொண்டார். 1914 இற் போர் மூண்டு சேர்மானியப் படை புகுந்தபோது, தம் ஆராய்ச்சிக் குறிப்புகளை வீட்டுத் தோட்டத்திற் புதைத்துவிட்டு நாட்டைவிட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவை அடைந்து அப்பணியைத் தொடர்ந்தார். உயிருக்கு அஞ்சி ஓடும் வேளையிலும் குறிப்புகளைக் காக்க நினைந்தமை, பட்டியல் என்னும் எளிய பொருளின் அருமையை அவர் எத்துணை உணர்ந்திருந்தார் என்பதைக் காட்டும்.

ஆண்டுதோறும் வெளிவந்த பட்டியல்கள் பெருகப் பெருக, அவற்றைத் தேடுவதே பெருந்தொழிலாயிற்று. எனவே, 1913 முதல் 1965 வரையுள்ளவற்றை மக்டா விற்றோ என்னும் அம்மையார் ஒன்றுசேர்த்துத் தொகுத்தார். அத்தொகுதிகள் 1971 முதல் 1984 வரை அச்சேறின. ஆளைக் கொண்டும், நிறுவனத்தைக் கொண்டும், பொருளைக் கொண்டும், காலத்தையும் நாகரிகத்தையும் கொண்டும் தேடுவதற்கு ஏற்ப அவை வகுக்கப்பட்டிருந்தன. கணினி வந்த பின், ஐசிஸ் பட்டியலோடு தொழினுட்ப வரலாறு, மருத்துவ வரலாறு, இத்தாலிய விஞ்ஞான வரலாறு ஆகியவற்றின் நூற்றொகைகளையும் இணைத்து ஒரு பெருந் தரவுத்தளம் உருவாகிற்று. சந்தா செலுத்தும் பல்கலைக்கழக நூலகங்களின் வாயிலாக அதனைப் பயன்படுத்தலாம். 2015 முதல் ஐசிஸ் நூற்றொகை, கட்டணமின்றி எவரும் தேடத்தக்கதாக இணையத்தில் திறந்து வைக்கப்பட்டுள்ளது. அட்டனிலுள்ள ஓர் ஆசிரியரும் ஹாவர்டிலுள்ள ஒரு பேராசிரியரும் அதன் வாயிலில் ஒரே உரிமையுடன் நிற்கின்றனர். முன்னொரு காலத்தில் இது கனவிலும் எண்ணத்தக்கதன்று.

தேடும் முறை

கருவி கைக்கு வந்தமையால் மட்டும் காரியம் முடிவதில்லை. அதனைக் கையாளும் முறையையும் அறிதல் வேண்டும். முதலாவது, நூற்றொகை நூலன்று. நூல் இருக்குமிடத்திற்கு வழிகாட்டி. ஆசிரியர், தலைப்பு, ஏடு, ஆண்டு, பொருட்குறிப்பு ஆகியவற்றை அது தரும். முழுக் கட்டுரையைத் தருவது அதன் கடனன்று. வழியறிந்த பின் நூலகரை நாட வேண்டும். பழைய தாவரவியல் ஏடுகள் பலவற்றை, உயிர்ப்பன்மைப் பாரம்பரிய நூலகம் என்னும் இணைய நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். அரசாங்க அறிக்கைகளுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் துணையாகும்.

இரண்டாவது, சொல்லைத் தேர்ந்து தேடுதல் வேண்டும். 'இலங்கை' என்பதற்கு இன்றைய ஆங்கில வழக்கான 'சிறீலங்கா' என்பதை மட்டும் இட்டுத் தேடுபவன், 1972 க்கு முன் வழங்கிய 'சிலோன்' என்ற பெயரில் உள்ளவற்றைத் தவறவிடுவான். 'நுவரெலியா', 'தலவாக்கலை' எனச் சிற்றூர்ப் பெயரை இடுபவனுக்குக் கிடைப்பது சிறிது. ஏனெனில் பொருட்குறிப்பு வகுப்போர் பெரும்பாலும் நாட்டின் பெயரையும் துறையின் பெயரையுமே குறிப்பர். ஆகவே, கோப்பித் துருநோய், தாவர நோயியல், தாவரவியற் பூங்கா, குடியேற்ற நாட்டு விஞ்ஞானம், வேளாண்மை ஆராய்ச்சி என்னும் சொற்களை ஒவ்வொன்றாக நாடுதல் நன்று. பங்கசின் இலத்தீன் பெயர் எம்மொழிக் கட்டுரையிலும் மாறாது வருமாதலின், அது சிறந்த திறவுகோல்.

மூன்றாவது, ஒன்று கிடைத்ததும் அதிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுதல். வார்ட் என்னும் பெயரிலிருந்து அவரைப் பற்றி எழுதினோருக்கும், அவர்களிலிருந்து அவர்கள் எழுதிய பிறவற்றுக்கும் செல்ல வழியுண்டு. இவ்வாறு செல்பவன், இலங்கை மலைநாட்டின் காடழிவை ஆராய்ந்து 2002 இல் ஜேம்ஸ் வெப் எழுதிய நூலையும், கோப்பித் துருநோயின் உலக வரலாற்றை 2019 இல் ஸ்டுவர்ட் மக்கூக் எழுதிய நூலையும் அடைவான். மடூல்சீமையிற் கண்ட நோய் ஜாவாவையும் ஆபிரிக்காவையும் கடந்து, 1970 இற் பிரேசிலை அடைந்த நெடுங்கதை அப்போது அவன் கண்முன் விரியும். தன் ஊர்மலை உலக வரலாற்றின் ஒரு நடுவிடம் என்பதை ஒரு மாணவன் உணர்வது சிறிய பேறன்று.

பட்டியலில் இல்லாதவர்

இங்ஙனம் தேடி அடைந்தவற்றை வரிசைப்படுத்தி நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. பணிப்பாளர் உளர், பாதிரியார் உளர், தோட்டத்துரைமார் உளர், பங்கசும் குளவியும் தத்தம் இலத்தீன் பெயருடன் உள. ஆயின், திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளினின்று கடல் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, இம்மலைகளைத் திருத்திய தமிழ் மக்களின் பெயர்களைக் காண்பதரிது. அவர்கள் விஞ்ஞான ஏடுகளில் அறவே தோன்றவில்லை என்பதன்று. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கியபோது, அவர்கள் ஆயிரக்கணக்கில் மருத்துவ அறிக்கைகளில் இடம்பெற்றனர். எனினும் அங்கே அவர்கள் சிகிச்சைக்குரிய உடல்களாகவும் கணக்கிடத்தக்க தொகைகளாகவுமே காணப்படுகின்றனர். அறிவுடைய மாந்தராக அல்லர்.

ஆராய்ந்து பார்ப்பின் இக்குறையின் அளவு விளங்கும். தேயிலைச் செடி ஒவ்வொன்றையும் சில நாட்களுக்கு ஒருமுறை தொட்டுக் கொழுந்தெடுப்பவள் கொழுந்துக்காரி. இலையின் நிறமாற்றம் நுணுக்குக்காட்டியை அடையுமுன் அவள் விரலை அடைகின்றது. கவ்வாத்துக் கத்தியை எக்கோணத்திற் சாய்த்தாற் தண்டு பிளவாது என்பதைக் கவ்வாத்துக்காரன் கையாற் கற்று, மகனுக்குக் கையாற் கற்பித்தான். நாற்றுமேடையிற் கிளைத்துண்டை நட்டு வேர்பிடிக்கச் செய்யும் முறை ஆராய்ச்சி நிலையத்தில் வகுக்கப்பட்டதாயினும், அம்முறை மலைநாடெங்கும் பரவியது தோட்டப் பெண்களின் கைவழியே. 'கவ்வாத்து', 'முள்ளுக்குத்து', 'கொழுந்து', 'மட்டக்குச்சி' எனத் தோட்டத்தில் வழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு செயலறிவின் சுருக்கம். அச்சொற்களைத் தலைச்சொல்லாகக் கொண்ட விஞ்ஞான வரலாற்றுக் கட்டுரைகள் பெருகாதவரை, எத்துணைச் சிறந்த தரவுத்தளமும் அவற்றைத் தேடித் தர இயலாது. எழுதப்படாததைப் பட்டியலிடுதல் எவராலும் ஆகாது.

ஏட்டில் இல்லாமை வெறும் கல்விக் குறையென எண்ணுதல் தவறு. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்திற் பிறந்து லயத்தில் இறந்த முன்னோர் பலரின் பிறப்புக்குப் பதிவு இருக்கவில்லை. பதிவின்மையால் இலட்சக்கணக்கான மக்கள் நாடற்றவராயினர். 1964 இன் ஒப்பந்தத்தின்படி பலர் கடல்கடந்து அனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் குறை தீர 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு தாளிற் பெயர் இருத்தலும் இல்லாமையும் ஒரு சமூகத்தின் வாழ்வையே மாற்றவல்லது என்பதை மலையக மக்கள் அறிந்ததுபோல் அறிந்தவர் சிலரே. அறிவின் பதிவேட்டிலும் அவர்கள் பெயரின்றிப் போதல் இரண்டாவது நாடற்ற நிலையாகும்.

செய்யவேண்டியது

நூற்றொகை அமைத்தல் தமிழர்க்குப் புதிய கலையன்று. சைமன் காசிச்செட்டி 1859 இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட தமிழ்ப் புளுத்தாக்கு, புலவர்தம் வரலாற்றைத் திரட்டி வைத்தது. ஜோன் மேர்டக் என்னும் பாதிரியார் 1865 இல் தமிழ் அச்சுநூல்களை வகைப்படுத்திப் பட்டியலிட்டார். அண்மைக் காலத்தில் என். செல்வராஜா 'நூல்தேட்டம்' என்னும் பெயரால் ஈழத்தவர் நூல்களைத் தொகுதிக்கு ஆயிரமாகப் பட்டியலிட்டு வருதலும், 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையத் திட்டம் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் காத்து வருதலும் போற்றத்தக்கன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானதைக் கண்ட சமூகத்திற்கு இவற்றின் தேவையை எடுத்துரைத்தல் மிகையாகும்.

ஆகவே, விஞ்ஞான வரலாற்றுத் தரவுத்தளத்தை நாடும் மாணவனுக்கு இரு கடமைகள் உள. முன்னையது, அதனை முறையாகக் கற்று, உலகம் தன் மலைகளைப் பற்றி எழுதியவற்றைத் தேடி அறிதல். பின்னையது, தேடியும் கிடைக்காதவற்றைக் குறித்து வைத்தல். முதியவர்களிடம் தோட்டத் தொழிற்சொற்களையும் வேலைமுறைகளையும் கேட்டு எழுதுதல், தோட்டப் பழைய பதிவேடுகள் அழியாமற் காத்தல், அவற்றை ஆதாரமாகக் கொண்டு ஆராய்ச்சிக் கட்டுரை வரைந்து தக்க ஏடுகளில் வெளியிடுதல் ஆகியன அக்குறிப்பிலிருந்து பிறக்கவேண்டிய பணிகள். வெளிவந்த கட்டுரை ஆங்கிலத்திலாயினும் தமிழிலாயினும், அது நூற்றொகையினரின் பார்வைக்கு எட்டுமாறு செய்தல் ஆசிரியர்க்கும் நூலகர்க்கும் உரிய கடன். எம்மொழியில் எழுந்ததாயினும் ஏற்கவேண்டும் என்பதே சாட்டன் வகுத்த கொள்கை; அக்கொள்கையின் பயனைக் கேட்டுப் பெறுதல் பிழையன்று.

1869 இல் ஒரு கோப்பி இலை மடூல்சீமையிலிருந்து பேராதனைக்கும், பேராதனையிலிருந்து இங்கிலாந்துக்கும் சென்றது. அதனை அனுப்பியவர், பெற்றவர், பெயரிட்டவர் ஆகியோரை வரலாறு அறியும். அவ்விலை நின்ற செடியை நட்ட கை எவருடையது என்பதை அது குறித்து வைக்கவில்லை. அக்கைகளின் அறிவை ஏட்டிலேற்றும் பணி, அக்கைகளால் வளர்க்கப்பெற்றுக் கல்விக்கூடம் புகுந்த தலைமுறைக்கே உரியதாகும்.